நான்காவது நிலை

புளியரைச் சோதனைச் சாவடியை ஒட்டி
எடைமேடைக்குப் பின்னால் என் ரேடியோ அறை.
லாரி ஏறினால் மேசை லேசாக அதிரும்.

கூரையிலிருந்து மூன்று கேபிள் இறங்குகிறது.
நாற்பது மீட்டருக்கு ஒன்று, இருபதுக்கு ஒன்று,
தென்னைக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவே இழுத்துக் கட்டிய
நீளக் கம்பிக்கு ஒன்று.
மூன்றும் வந்து சேர்வது ஒரே சுவிட்சில்.
திருகினால் க்ளக்.
நான்காவது நிலை பூமி.

ஐப்பசி இடி மேற்கிலிருந்துதான் வரும்.
புனலூர் ஈப்பச்சன் முதலில் சொல்வார்:
"சாரே, தென்மல கழிஞ்ஞு."
எனக்கு அது போதும்.
ஆரியங்காவுக் கணவாயை மழை கடப்பதற்குள்
நான்காவதுக்குத் திருப்பிவிட்டுச் சாப்பிடப் போவேன்.
ஆறு வருஷம் இப்படி.

போன செவ்வாய், தூசி தட்டச் சுவிட்சைக் கவிழ்த்தேன்.
பின்பக்கம் ஒரு திருகாணி, வாஷரோடு,
வாங்கிய அன்றைய பளபளப்பில்.
அதில் ஒரு கம்பியும் இல்லை.
மீட்டரின் ஒரு முனையை அதில் வைத்தேன்,
மறு முனையை எடைமேடையின் எர்த் பட்டையில்.
கூவவில்லை.
துடைத்து, மூச்சைப் பிடித்து, மறுபடி.
கூவவில்லை.
இந்த ஆறு வருஷத்தில் மேடைக்கு அடியில்
இரண்டு லோடுசெல் கருகியது.
கம்பெனிக்காரனைத்தான் திட்டியிருக்கிறேன்.

முப்பிடாதி கடப்பாரையோடு வந்தான்.
எட்டடிச் செம்புத் தண்டு, ஐந்தாவது அடியில் பாறை.
"சாய்ச்சு எறக்கட்டா?"
எறக்கு.
கரி, உப்பு, இரண்டு குடம் தண்ணீர்.
செம்புப் பட்டையைச் சுவரோரமாக
அழகாகச் செங்கோணத்தில் மடித்திருந்தான்.
பிரிக்கச் சொன்னேன்.
மின்னலுக்கு மூலை திரும்பத் தெரியாதுடே,
தாவிரும்.
முனகிக்கொண்டே பிரித்தான்.
பிறகு பட்டை உடும்பு மாதிரி
வளைந்து இறங்கியது.

கடைசியாக, புதுத் தண்டையும்
மேடையின் பழைய எர்த்தையும் இணைக்க வேண்டும்.
"ரெண்டு இருந்தா நல்லதுதான அண்ணாச்சி?"
"ரெண்டு பூமி இருந்தா
நடுவுல நிக்கிறவன்தான் சாவான்."
சொன்ன பிறகுதான் ஜன்னல் வழியே சாவடியைப் பார்த்தேன்.
தடுப்புக் கம்பி இறங்கியிருந்தது.
கோழி லாரி டிரைவர் அதில்
துண்டைக் காயப்போட்டிருந்தார்.

மீட்டர் கூவியது.
"இதுக்காகவா இவ்வளவும்?" என்றான் முப்பிடாதி.

அன்று சாயந்திரமே ஈப்பச்சன் வந்தார்.
இரைச்சலுக்குள் அவர் குரல்,
மிளகுக் கொடி பழுத்துப் போனது,
மருமகனின் புது ஜீப், நடுவில்,
"கேட்டோ சாரே, இடி..."
க்ளக்.

புனலூர் போனது. இரைச்சலும் போனது.
ஹெட்போனுக்குள் என் ரத்தம் ஓடும் சத்தம்.
கணவாய் வெளுத்தது.
எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்
மேசை அதிர்ந்தது, லாரி இல்லாமலே.
எடைமேடைத் திரையில் எண்கள் துள்ளி
மெல்ல சுழியத்துக்கு வந்தன.

காலையில் கேட்டார், எல்லாம் ஓகேயா என்று.
ஓகே என்றேன்.
அந்தத் திருகாணியைப் பற்றிச் சொல்ல
மைக் பொத்தானை இன்னொரு தரம் அழுத்தினேன்.
அங்கே அவர் காத்திருந்தார்.
விட்டுவிட்டேன்.