பாக்கி

தாடைக்குக் கம்பி கட்டி அனுப்பிவிட்டார்கள்.
ஆறு வாரம். மெல்லக் கூடாது, பேசக் கூடாது.
ஊசூர், அணைக்கட்டு, ஒடுகத்தூர் என்று
இருபத்தொரு வருஷம் படியில் நின்று கூவிய வாய்,
ஒரே ஒரு பிரேக்கில்
முன்சீட்டுக் கம்பியில் போய் முடிந்தது.

ராஜா இல்லாத கோட்டை, தண்ணி இல்லாத ஆறு,
மரமில்லாத மலை என்று எண்ணுவார்களே நம்மூரை,
இன்னொண்ணும் சேர்த்துக்கோ என்றாள் மாடிவீட்டு ஷமீம்:
பேச்சில்லாத முனிரத்தினம்.
நான் சிரித்துவிட்டேன்.
அவருக்கு மூக்கு வழியாகக் கொஞ்சம் காற்று வந்தது.

ஆஸ்பத்திரித் தாளில் ஸ்மூத்தி என்று இருந்தது.
கூழ் என்று எழுதியிருந்தால் செலவு குறைந்திருக்கும்.
விடிகாலை நேதாஜி மார்க்கெட்,
சித்தூர் லாரியிலிருந்து அப்போதுதான் இறங்கிய பங்கனபள்ளி,
பாதி பப்பாளி, ரெண்டு மஞ்ச வாழைப்பழம்.
அன்னாசியை மட்டும் கண்ணு கண்ணாகத் தோண்டித்
தரச் சொல்லி நின்றேன்.
ஒரு நார் தப்பினால் போதும்,
கம்பியில் மாட்டிக்கொள்ளும்,
ராத்திரி பூரா நாக்கால் தேடிக்கொண்டிருப்பார்.

முதல் நாள் பப்பாளி விதை சேர்ந்து கசந்தது.
ரெண்டாம் நாள் ஐஸ் அதிகம், பல் கூசிக் கண் கலங்கியது.
மூன்றாம் நாள் தேங்காய்ப்பால் ரெண்டு கரண்டி விட்டேன்,
கடைவாய்ச் சந்து வழியாக ஸ்ட்ரா
அடிமட்டம் வரை இழுத்துக் களகளத்தது.
அன்றைக்குத்தான் நான் பேச ஆரம்பித்ததும்.

எங்கள் மிக்ஸி பழசு.
மூடியை உள்ளங்கையால் அமுக்கிப் பிடிக்க வேண்டும்,
தெருமுனை வரை கேட்கும்.
அந்தச் சத்தத்துக்குள் சொல்வேன்.
உங்க தம்பி ஆட்டோவுக்கு வைத்த என் கொலுசு என்னாச்சு?
மறுநாள்:
உங்க தங்கச்சி கல்யாணத்தில் எங்கம்மாவை
ஏன் கடைசிப் பந்தியில் உட்காரவைத்தீர்கள்?
ஒரு நாளைக்கு ஒன்று. நுரை வந்ததும் நிறுத்திவிடுவேன்.
முன்னறையில் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார்.

பன்னிரண்டாம் நாள், நூற்றெட்டு டிகிரி வெயில்,
ஓடு கூட வேர்க்கிற மத்தியானம்.
மாம்பழம் கரைந்து, பப்பாளி இன்னும் திட்டுத் திட்டாக.
நான் சொல்லிக்கொண்டிருந்தேன்,
“நீங்க வாய மூடின இந்தப் பன்னண்டு நாளுதான்
இந்த வூட்ல நான்”
கரண்ட் போனது.
“நிம்மதியா கீறேன்!”
மிக்ஸியை மிஞ்ச எடுத்த குரல், அப்படியே.
மாடியில் பாத்திரம் கழுவும் சத்தமும் நின்றது.

எழுந்து வந்தார்.
ஜாருக்குள் எட்டிப் பார்த்தார்.
குண்டானில் கவிழ்த்து மோர் மத்தை எடுத்தார்.
கால் அகட்டி நின்று கடைந்தார்,
பஸ் வளைவில் திரும்பினாலும் விழாத அந்த நிற்பு.
டீ வடிகட்டியில் கரண்டியால் தேய்த்துத் தேய்த்து
ரெண்டு தம்ளர். முதல் தம்ளர் என் பக்கம் நகர்ந்தது.

சட்டைப்பையில் பழைய டிக்கெட் ஒன்று.
சில்லறை இல்லாதபோது பின்னால் கிறுக்கித் தருவாரே,
அதே சாய்ந்த எழுத்து:
கொலுசு. உங்கம்மா. நிம்மதி.
பாக்கி 30 நாள்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது.
என்ஜின் உறுமலில்
கடைசி சீட்டுக்காரர் முனகும் ஊர்ப்பேரை
இருபத்தொரு வருஷம் பிடித்த காது அது.

பழம் இளஞ்சூடாக இருந்தது.
ஒரு நார் என் பல்லில் மாட்டியது.
சுவிட்சை அணைக்க மறந்துபோயிருந்தேன்,
கரண்ட் வந்ததும்
ஜார் இல்லாத மிக்ஸி தன்பாட்டுக்குக் கத்தியது.
அவர் என் வாயைப் பார்த்தார்.
போய் அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன்.