வெறும் வண்டி எடை

மீன்பிடித் தடைக்காலம், அறுபத்தொரு நாள்.
முதுநகர் துறைமுகத்தில் விசைப்படகுகள்
ஒன்றையொன்று உரசிக்கொண்டு சும்மா கிடந்தன.
ஐஸ் வாங்க ஆளில்லை.
பார் வார்க்கும் டப்பாக்களில் போன மாதத்துத் தண்ணீர்.
கணக்கெழுத எனக்கு ஒரு வரி இல்லை,
எதிர்ப்புற எடைமேடையில் இஸ்மத்துக்கு
ஒரு லாரி இல்லை.
ஆகவே நாங்கள் ஒரு மொழி செய்தோம்.

பெயர்ச்சொல்லில் சண்டை வரவில்லை.
மீன் ‘சோ’, உப்பு ‘கிர்’, மேலாளர் ‘பொப்’.
வினைச்சொற்கள் இரண்டு டீக்குள் முடிந்தன.
சண்டை சில்லறையில்தான்.
இல், கு, ஓடு, மேல், இடையில் என்று
தமிழில் வாலாய் ஒட்டிக்கொண்டு பின்னால் வருகிறவை.
அவற்றைத் தூக்கி முன்னால் வை என்றான்.
எதற்கு என்றேன்.
“முதலில் வெறும் வண்டி எடை.
அப்புறம்தான் சரக்கு.
எந்த ஊர் மேடையிலும் இதுதான் சட்டம்.”

வைத்துப் பார்த்தோம்.
‘கடலூரில்’ என்றால் ஊர் முதலில் வந்துவிடுகிறது,
கெடிலமும் பாலமும் பஸ் ஹாரனுமாக.
உள்ளே இருக்கிறோம் என்பது
கடைசியில் கிடைக்கிற சின்னத் துண்டுச் செய்தி.
‘கா கடலூர்’ என்றால்
உள்ளே இருக்கிறோம் என்று முதலில் தெரிகிறது,
எதற்குள் என்று தெரியாத ஒரு நொடி,
யாரோ பின்னால் கதவைச் சாத்தியதுபோல.
எனக்குப் பிடிக்கவில்லை.
மறுநாள் பிடித்தது.
கா என்று நாங்கள் பேசப் பேச
வலைக்கூடத்துக் காக்கைகள் திரும்பிப் பார்த்தன.

தோ, நோக்கி.
வி, பக்கத்தில், ஆனால் இன்னும் சேராமல்,
உப்பனாறு கடலோரமாகவே நெடுந்தூரம் போவதுபோல.
இந்த ஒன்றுக்கு இஸ்மத் மூன்று நாள் எடுத்துக்கொண்டான்.
மைத்துனனைப் பற்றிப் பேச
இது இல்லாமல் முடியாது என்றான்.

‘மேல்’ மட்டும் அடங்கவில்லை.
ஐஸின் மேல் வஞ்சிரம் என்று எழுதினேன்.
கோடு போட்டு அடித்தான்.
மேல் என்றால் கீழே ஒன்று நிற்க வேண்டும்,
ஐஸ் நிற்கிறதா?
பண்ருட்டி தாண்டுவதற்குள் பாதி,
விழுப்புரத்தில் இறக்கும்போது கூடைக்கடியில் ஈரம்.
கரைந்துகொண்டிருப்பதன் மேல் இருப்பதற்கு
ஒரு தனிச்சொல் செய்தோம்.
நெ.

செய்த பிறகு அது சொன்ன இடமெல்லாம் போயிற்று.
நெ சம்பளம்.
நெ ஒப்பந்த வேலை.
தாழங்குடாவில் என் அக்கா வீடு
நெ கரை.
போன வருடம் அவள் துணி காயப்போட்ட இடத்தில்
இப்போது அலை துவைக்கிறது.
அக்காவிடம் இந்தச் சொல்லைச் சொன்னேன்.
“பேர் வெச்சா நின்னுடுமா?” என்றாள்.

அறுபத்திரண்டாம் நாள் இருட்டிலேயே படகுகள் போய்விட்டன.
ஐஸ் அரைக்கும் சத்தத்தில்
எந்த இலக்கணமும் காதில் விழாது.
நோட்டின் மிச்சப் பக்கங்களில் பாக்கிக் கணக்கு ஏறியது.
எப்போதாவது இரண்டு லாரிகளுக்கு நடுவிலிருந்து
கத்துவான், “தோ டீ!”
ஆடியில் அவனைத் தூத்துக்குடிக்கு,
ஓர் உப்புக் கம்பெனி எடைமேடைக்கு மாற்றினார்கள்.

நேற்றிரவு பதினொன்றரைக்குப் போன்.
பின்னால் காற்று, ஏதோ எஞ்சின்.
எடுத்ததும் ஒரே சொல்.
“நெ…”
அப்புறம் ஒன்றுமில்லை.
சிக்னல் போயிற்றா, குரல் போயிற்றா தெரியவில்லை.

தமிழில் சொல்லியிருந்தால்
எது என்பதாவது முதலில் வந்திருக்கும்.
வேலையா, வீடா, உடம்பா,
மழையில் மாட்டிய உப்பளமா.
உருபு அறுந்திருந்தாலும் ஊகித்திருப்பேன்.
திரும்பக் கூப்பிட்டேன்.
தொடர்பு எல்லைக்கு வெளியே என்றாள் பதிவுப் பெண்.
வெளியே என்பதற்கு
நாங்கள் சொல்லே செய்யவில்லை, இஸ்மத்.

மணி நாலு. படகுகள் வரும் நேரம்.
போனை நோட்டின் மேல் வைத்திருக்கிறேன்.
வெறும் வண்டி மேடை ஏறி நிற்கிறது,
எடையும் எழுதியாயிற்று.
சரக்கு வரட்டும்.