புள்ளி மு

வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்கு வேலை போனது.
ஐந்து பத்துக்கு முகவரியும் போனது.
பதினோரு ஆண்டு அந்த ஹோட்டல் பெயரின் முன்னால்
ஒட்டிக்கொண்டிருந்தேன்.
பல் மருத்துவர், மின்சார பில், ரொட்ரீக்ஸ் தீவுத் தோழி
எல்லோரும் இனி
மூடிய கதவுக்கு எழுதிக்கொண்டிருப்பார்கள்.

அதனால் பெயர் வாங்கினேன்.
வாங்கினேன் என்பது பேச்சுக்கு. ஆண்டு வாடகை.
கட்ட மறந்தால்
என் பெயரிலிருந்தே என்னைக் கிளப்பிவிடுவார்கள்.

அர்மூகும்.
ஆறுமுகம்தான். துறைமுகத்தில் எவனோ ஒரு குமாஸ்தா
காதில் விழுந்ததை எழுதிவிட்டுச்
சாப்பிடப் போயிருக்கிறான்.
சரியான எழுத்துக்கூட்டலும் காலியாகத்தான் இருந்தது.
அடையாள அட்டையில் உள்ளதையே எடுத்தேன்.
தப்பானாலும்
கூப்பிட்டால் நான் திரும்பிப் பார்க்கும் பெயர் அது.
முடிவில் புள்ளி, மு.
தமிழில் தலையாய் நிற்கும் எழுத்து
மொரீஷியஸில் வாலாகிவிட்டது.
அப்பா பெயர் முனிசாமி; அவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

இனி வழி சொல்ல வேண்டும்.
கத்ர் போர்னில், மருந்துக்கடை மாடியில்,
ஒவ்வொரு கட்டமாக நிரப்பினேன்.
எம்எக்ஸ்: வரும் கடிதத்தை எந்த வாசலில் இறக்குவது.
முன்னுரிமை பத்து. அது திறக்காவிட்டால் இருபது.
அடுத்த வரி: என் பெயரைச் சொல்லி யார் யார் எழுதலாம்.
என் கல்யாணத்தில் யாரும் கேட்காத கேள்வி.
ஒரு கடைசிப் புள்ளியை விட்டுவிட்டேன்,
மதியம் முழுக்க அதற்கே போனது.

பிறகு முகங்கள்.
வங்கிக்கு ஒன்று, பில்லுக்கு ஒன்று, வேலை தேட ஒன்று,
மகன் பள்ளிக்கு ஒன்று, சும்மா பேச ஒன்று.
ஐந்துதான் தேறியது.
ஆறாவதாக ஒரு நட்சத்திரக் குறி:
யார் பெயருக்கு வந்தாலும்,
எப்படித் தப்பாக எழுதியிருந்தாலும்,
இங்கேயே அனுப்பு.

பழைய யாஹூ பெட்டியிலிருந்து எனக்கு நானே எழுதினேன்:
வந்துவிட்டாயா?
சத்தமில்லை. நாற்பத்தெட்டு மணிநேரம்கூட ஆகலாமாம்.
ரேடியோவில் புயல், இரண்டாம் எச்சரிக்கை.
மெழுகுவத்தி வாங்கினேன். பார்த்தேன்.
ஃபராட்டா சுட்டேன். பார்த்தேன்.
குப்பைப் பெட்டியில் கிடந்தேன்,
தலைக்கு மேல் ஒரு மஞ்சள் பட்டையோடு:
இவரை உங்களுக்குத் தெரியுமா?

ஞாயிறு விடியலில் நட்சத்திரம் ஒன்றைப் பிடித்து வந்தது.
முசியே அர்மூகும், பிரேக் ஷூ வந்ததா?
பிக்அப் மூன்று மாதமாகக் கல்மேல் நிற்கிறது.

எனக்கு முன் இந்தப் பெயரில் குடியிருந்தது
ஏதோ ஒரு காராஜ்.
வாடகை கட்ட மறந்த இன்னொரு ஆறுமுகம்.
உறவா, தெரியாது.

நான் அவரில்லை, பெயர் மட்டும்தான் என்று எழுதினேன்.
அனுப்பிய பிறகுதான் கண்ணில் பட்டது,
பதில் போயிருப்பது பழைய ஜிமெயிலின் பெயரில்.
வருவதற்குத்தான் வழி போட்டிருக்கிறேன்.
போவதற்குப் போடவில்லை.

அந்த மனிதருக்கு அதெல்லாம் ஒன்றுமில்லை.
சரி மதாம்,
அப்படியானால் பிரேக் ஷூ?
என்று கேட்டிருக்கிறார்.