சத்தமில்லாமல் இறக்குவது

பட்டர்வொர்த் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர்.
தணிகைநாதன், ஐம்பத்து நான்கு வயது.
மூளைக்குள் ஒரு நாளம் மிளகளவு புடைத்திருக்கிறது.
ரத்த அழுத்தம் ஒருமுறை எகிறினால் போதும்.

நேற்றிரவு வார்டில் கேட்டார்:
'தொண்டையில டியூப் போடுறப்ப
நான் தூங்கிக்கிட்டுத்தானே இருப்பேன்?'
தூங்குவீர்கள், என்றேன்.
இதயம் தூங்காது என்பதைச் சொல்லாமல் விட்டேன்.

அவராகவே சொன்னார்:
'நாப்பது டன் பெட்டி டாக்டர்.
லோரியில வைக்கிறப்ப டிரைவருக்கே தெரியக்கூடாது.
அதான் வேலை.'

காலை எட்டு இருபது. பினாங்கு பெரிய ஆஸ்பத்திரி.
ஜன்னல் இல்லாத அறை; மழையா வெயிலா தெரியாது.
மணிக்கட்டுத் தமனியில் ஊசி, திரையில் சிவப்பு அலை.
நூற்று முப்பத்தாறு. துடிப்பு எழுபத்திரண்டு.
ஃபென்டனில் போயிற்று. பால் நிறத்தில் புரோபோஃபால்.
இமையைத் தொட்டேன், அசைவில்லை.
தசைகளையும் தளர்த்தியாயிற்று;
இனி அவர் மூச்சு என் கையிலுள்ள பையில்.
லிக்னோகெய்ன் கொடுத்துவிட்டுத்
தொண்ணூறு நொடி காத்திருக்க வேண்டும்.
டாக்டர் கோ கடிகாரத்தைப் பார்க்கிறார்.
ரொஸ்னா மலாயில் முணுமுணுத்து எண்ணுகிறாள்:
லாப்பான் பூலோ, லாப்பான் பூலோ சத்து…

தலைமாட்டில் நிற்கிறவளுக்கு எல்லா முகமும் தலைகீழ்.
அவரும் கண்ணாடித் தரை வழியே
தன் கால்களுக்கு நடுவே பார்த்துத்தான்
பெட்டியை இறக்குவாராம்.

பிளேடு உள்ளே. நாக்கை ஒதுக்கி,
பல்லில் சாயாமல் தூக்கினேன்.
குரல்நாண்கள் தெரியவில்லை.
பத்து நொடி.
தூங்குகிற மனிதர் எதையும் அறியவில்லை,
அலைதான் அறிந்தது.
நூற்று ஐம்பது. ஐம்பத்தெட்டு. துடிப்பு தொண்ணூற்றாறு.
ஆளில்லாத வீட்டில் திடுக்கிட்டது யார்?

இன்னும் கொஞ்சம் தூக்கு, தெரிந்துவிடும்
என்றது கை.
கையை நம்பவில்லை. வெளியே எடுத்தேன்.

முகமூடி. ஆக்ஸிஜன். எஸ்மொலால்.
தலைக்கடியில் இன்னொரு மடித்த துணி.
டாக்டர் கோகூடப் பேசவில்லை.
நூற்று இருபத்தெட்டுக்கு இறங்கும்வரை நின்றேன்.
என் நெஞ்சுக்குத் திரை மாட்டவில்லை, நல்லவேளை.

இரண்டாம் முறை
இரண்டு வெள்ளைக் கோடுகள், நடுவே இருட்டு.
குழாய் போயிற்று. ஏழு நொடி.
அலை லேசாக நிமிர்ந்து பார்த்துவிட்டுப்
படுத்துக்கொண்டது.

மாலை, ஐ.சி.யூ.வில், கரகரத்த குரல்:
'சத்தம் வந்துச்சா டாக்டர்?'
ஒரு தடவை, என்றேன்.
மேலே தூக்கிவிட்டு மறுபடி இறக்கினேன்.
யோசித்தார்.
'காத்து அடிக்கிற நாள்ல நாங்களும் அப்படித்தான்'
என்றுவிட்டுத் தண்ணீர் கேட்டார்.

இன்னும் தரக்கூடாது.