மாற்று அட்டவணை

செவ்வாய்க்கிழமை ஆறு நாற்பதுக்குள்
கைப்பேசி மூன்று முறை இருமிவிட்டது.
முதல் இருமல் யுகேந்திரன்:
'டீச்சர், ராத்திரி முழுக்கக் காய்ச்சல். எம்.சி.'
அடுத்தது லோகநாயகி. பாலத்தில் லோரி கவிழ்ந்து கிடக்கிறதாம்,
முதல் பாடவேளைக்கு வந்து சேரமாட்டாள்.
மூன்றாவதில் எழுத்தே இல்லை, ஒரு படம் மட்டும்:
மருத்துவமனை வார்டின் கூரை விசிறி,
சுற்றிச் சுற்றி வெறும் சாம்பல் வட்டமாக.
அது கிரிஜா.
அவளுக்குச் சொற்கள் தீர்ந்து ஒரு மாதமாகிறது.

ஜெலுத்தோங்கில், சந்தைக்குப் பின்னால் இருக்கும் எங்கள் பள்ளியில்
ஆறு வருடமாக மாற்று அட்டவணை போடுகிறவள் நான்.
ரோஜா நிறத் தாள்.
யாருடைய ஓய்வுப் பாடவேளை எங்கே ஒளிந்திருக்கிறதென்று
மாதக் கடைசியில் அலமாரித் துணிகளுக்கடியில்
சில்லறை தடவுகிறவளைப்போலத் தடவி எடுப்பேன்.
தாளோடு நான் வருவது தெரிந்தால்
சிலர் எழுந்து கழிவறைக்குப் போவார்கள்.
கோபமில்லை.
நானும் போயிருக்கிறேன்,
என்னிடமிருந்து.

கணித ஆசிரியர் சென்ற தீபாவளியோடு ஓய்வு பெற்றார்.
அவர் நாற்காலியில் இப்போது பயிற்சிப் புத்தக மூட்டை உட்கார்ந்திருக்கிறது.
ஜொகூருக்கு மாற்றலாகிப் போனவளின் இடத்துக்கு
'விரைவில்' என்று ஒருவர் வருவதாக
இலாகாவிலிருந்து கடிதம்.
விரைவில் இன்னும் வந்து சேரவில்லை.
அவருக்கும் சேர்த்துத்தான் குவளை வாங்கி வைத்திருக்கிறோம்.

அன்று நான்காவது பாடவேளை, நான்கு செம்பருத்தி.
வெண்பலகையில் வாழை என்று எழுதப் போனேன்.
வா எழுதினேன்.
இணைக்கொம்பும் போட்டேன்.
அதன் பிறகு கை எந்தப் பக்கம் வளைவதென்று தெரியவில்லை.
இருபத்திரண்டு வருடமாகப் பிள்ளைகளின் நாக்கை மடித்து மடித்து
நான் ஏற்றிவிட்ட எழுத்து.
மார்க்கர் ஒரே இடத்தில் ஊன்றி நின்றது,
மை கசிந்து உளுந்தளவு ஆனது,
பிறகு மொச்சையளவு.
விளையாட்டு என்று நினைத்துவிட்டார்கள்.
'லை!'
'ளை!'
'டீச்சர், வாளை மீனு!'
ஹர்வீணா மட்டும் எழுந்து வந்து
என் விரல்களிலிருந்து மார்க்கரைக் கழற்றி
ழ போட்டு, மூடியையும் மாட்டிவிட்டு
போய் உட்கார்ந்துகொண்டாள்.

சாயங்காலம் டாக்டர் கோ ரத்த அழுத்தம் பார்த்தார்.
கருவியின்மேல் சந்தேகம் வந்து
இன்னொன்றை எடுத்துவரச் சொன்னார்.
'எத்தனை நாள் வேணும், சிக்கு?'
மலாயில் ஆசிரியருக்கு அதுதான் சொல்.
தமிழில் அது
சீப்புக்கு அடங்காமல் தலையில் கிடப்பது.
'ஒரு நாள் போதும்,' என்றேன்,
மீன்கடையில் விலை குறைக்கிறவளின் குரலில்.
அவர் ஐந்து எழுதினார்.

மருந்துக்குக் காத்திருந்தபோது
பழக்கத்தில் நாளைய கட்டங்களைத் திறந்தேன்.
வராதவர்: நான்.
முதல் பாடவேளை சித்தி ஹஜார்.
இரண்டாவது யுகேந்திரன், காய்ச்சல் விட்டிருந்தால்.
மூன்றும் நான்கும் மண்டபத்தில்,
இரண்டு வகுப்பையும் சேர்த்து எழுபத்தொரு பேர்,
ஒலிபெருக்கி வேலை செய்தால் லோகநாயகி,
செய்யாவிட்டாலும் லோகநாயகி.
ஐந்தாவதுக்கு ஆளில்லை.
கட்டத்தை வெறுமையாக விடக்கூடாது என்று
விதி போட்டவளும் நானே.
நிரப்பினேன். குழுவுக்கு அனுப்பினேன்.
மாத்திரைப் பையை வாங்கிக்கொண்டு
வெளியே வெயிலில் நின்றபோதுதான் கண்ணில் பட்டது:
எனக்குப் பதிலாக
என் பெயரையே எழுதியிருக்கிறேன்.

அழிக்க விரலை வைத்தேன்.
அழித்துவிட்டு அங்கே யாரை வைப்பது?
சாலையோரம் நின்று பதினோரு பெயர்களையும்
ஒவ்வொருவராகச் சொல்லிப் பார்த்தேன்.
ஒவ்வொரு பெயரும் களைத்திருந்தது.

அதற்குள் ஏழு பேர் கட்டைவிரல் காட்டியிருந்தார்கள்.
ஒருவரும் கேட்கவில்லை.
கிரிஜாவிடமிருந்து மட்டும் ஒரு படம்,
அதே கூரை, அதே விசிறி.
இம்முறை யாரோ நிறுத்தியிருக்கிறார்கள்.
மூன்று இறக்கைகளும்
தனித்தனியாகத் தெரிந்தன.