அனாமத்துக் கணக்கு

ஐந்து மணிக்கு ஏரியிலிருந்து மழை ஏறி வரும்.
ஐந்தரைக்குக் கடைசி லாரி.
நைல் பெர்ச் மீன், முள் நீக்கி ஐஸில் அடுக்கியது,
நூற்று நாற்பது பெட்டி.
எண்ணி, கையெழுத்துப் போட்டு, நகலைக் கிழித்து
நகலின் முதுகில் எழுதிக்கொள்கிறேன்:
ஒத்திவைத்த வரி என்பது.
என்பதற்கு அப்பால் மீன்தண்ணீர் சொட்டிவிட்டது.

இரண்டு வேலைக்கும் ஒரே பேனா.

கொண்டேலே வரை ஓமாவின் பைக்கில் பதினெட்டு நிமிடம்.
மூன்று விடை ஒப்பிக்கலாம்,
ரவுண்டானாவில் மாட்டிக்கொண்டால் நாலு.
இரவல் ஹெல்மெட்டுக்குள்
என் குரல் எனக்கே திரும்பி வரும்.
"சொத்தின் பயன்படு காலத்தில் அதன் மதிப்பு
ஆண்டுதோறும் குறைவது தேய்மானம்."
தலையைத் திருப்பாமல் கேட்கிறான்:
"என் வண்டியும்தான் தேயுது. எனக்கு யார் குடுப்பா?"
யாரும் கொடுப்பதில்லை, ஓமா,
நீயே எழுதி நீயே கழித்துக்கொள்ள வேண்டும்.
"பால்பவுடர் டப்பாவுல தினம் அம்பது ஷில்லிங் போடறேன்.
இதுக்குப் பரீட்சை வேறயா?"
அது தேய்மானம் இல்லை, சேமிப்பு என்று
திருத்த வாயைத் திறந்தேன்.
வாய் நிறைய மழை.

ஒதேரா தூங்கியிருப்பான்.
ஓமேனாக் குழம்பு மூடியிருக்கும்,
மூடியின் மேல் மெழுகுவர்த்தி, அதன் மேல் தீப்பெட்டி:
மின்சாரம் போகும் என்று அவனுக்குத் தெரியும்,
அந்த நேரம் நான் எங்கே இருப்பேன் என்றும்.
பெறுபவரைப் பற்று வை, தருபவரை வரவு வை.
முதல் பாடம் அதுதான்.
மூன்று வருடமாக இந்த வீட்டில்
பற்றெல்லாம் என் பக்கம்.
இதை அவனிடம் சொன்னதில்லை.
எழுப்பிச் சொல்லும் அளவுக்குப் பெரிய தொகையா என்று
தெரியவில்லை.

போன டிசம்பரில் நாற்பத்தேழு.
தேற ஐம்பது வேண்டும்.

இருப்பாய்வு ஒத்துவராதபோது முதலில் பார்ப்பது,
வித்தியாசம் ஒன்பதால் வகுபடுகிறதா?
வகுபட்டால் எங்கோ இரண்டு இலக்கம் இடம் மாறியிருக்கலாம்.
எழுபத்து நாலில் நாற்பத்தேழு போக இருபத்தேழு.
மும்மூன்பது.
நைரோபியில் ஒரு குமாஸ்தா,
சாயங்காலம், கண் எரிய, அவருக்கும் ஒரு லாரி.
மறுகூட்டலுக்குப் பணம் எடுத்து வைத்தேன்,
கட்டவில்லை.
விடை தெரியாத தொகையை அனாமத்தில் போடலாம்,
பிழை கிடைக்கும்வரை.
கிடைத்துவிட்டால் அந்தக் கணக்கை மூட வேண்டும்.

இந்த ஆகஸ்டில் மறுபடி எழுத விண்ணப்பித்த வாரம்தான்
மேலாளர் ஒலுவோச் கோப்போடு வந்தார்.
தணிக்கைக்காரர்கள் வருமுன்
ஜூலை இரண்டில் போன லாரியை
ஜூன் முப்பதில் ஏற்றிவிடச் சொன்னார்.
"வெறும் ரெண்டு நாள், அபோண்டி."
வங்கி, கடன், முப்பத்தாறு பேரின் சம்பளம்
என்று நின்றபடியே சொன்னார்.
பொய் சொல்லவில்லை; அந்த முப்பத்தாறில் நானும் ஒருத்தி.
சரி என்று சொல்லவில்லை நான்.
முடியாது என்றும் சொல்லவில்லை.
கோப்பை இழுப்பறையில் வைத்து
பரீட்சைக்கு இரண்டு நாள், சம்பளமில்லா விடுப்பு,
என்று கடிதத்தை நீட்டினேன்.
படிக்காமலே கையெழுத்துப் போட்டார்.
நன்றி சொன்னேன்.

மண்டபத்தில் எனக்குக் கிடைத்தது
ஒரு கால் ஆடும் மேசை.
நுழைவுச்சீட்டை மடித்துக் காலுக்குக் கொடுத்தேன்,
கண்காணிப்பாளர் வந்து எடுக்கச் சொன்னார்.
ஆடிக்கொண்டே எழுதினேன்.
நான்காம் கேள்வி, பன்னிரண்டு மதிப்பெண்:
ஆண்டிறுதிக்குப் பிந்தைய விற்பனையை
முந்தைய ஆண்டில் காட்டுமாறு
ஓர் இளநிலைக் கணக்காளரிடம் மேலதிகாரி கேட்கிறார்.
அவர் செய்ய வேண்டியது யாது?

சிரிப்பு வந்தது.
முன்வரிசைப் பையன் திரும்பிப் பார்த்தான்.

மறுக்க வேண்டும் என்று எழுதினேன்.
அடிக்கோடு போட்டேன், அளவுகோல் வைத்து.
ஐந்து காரணம் கேட்டிருந்தார்கள், ஏழு கொடுத்தேன்.
நேரம் முடிந்தது என்ற பிறகும்
ஒரு முற்றுப்புள்ளி வைத்தேன்.

திங்கட்கிழமை.
இழுப்பறை. கோப்பு.
தேதிக் கட்டம் வெறுமையாக.
ஒலுவோச் கதவருகே நின்று,
"பரீட்சை எப்படி?" என்கிறார்,
உண்மையாகவே கேட்கிறார்.
அதே பேனாவின் மூடியைத் திறந்தபடி
யோசிக்கிறேன்,
முதல் ஆறும் வருகிறது, வரிசையாக.
அந்த ஏழாவது