நான்காவது மூடி

பர்லியாறு தாண்டும்வரை முள் ஒழுங்காக இருக்கும்.
மரப்பாலத்தில் மெல்ல எழுந்து பார்க்கும்.
காட்டேரி வளைவில் சிவப்பைத் தொட்டுவிடும்.
குன்னூர் வந்து, மாடல் ஹவுஸ் மேட்டில் நிறுத்தி
ஆறவிட்டு,
துணி சுற்றிய கையால் மூடியைத் திருகினால்
அரை லிட்டர் குறைவு.
தரையிலோ ஒரு சொட்டு இல்லை.

அறுபத்தேழாம் வருஷத்து ஹெரால்டு.
மற்ற வண்டிகள் மாதிரி பானெட்டைத் தூக்காது,
முகத்தையே முன்னால் கவிழ்க்கும்,
மட்கார்டு, விளக்கு எல்லாம் சேர்த்து.
முன்சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்து
வேலை பார்க்கலாம்.
மூன்று ஞாயிறு அப்படி உட்கார்ந்தேன்.

ஹோஸ் இரண்டும் புதிது.
கிளிப்புகளை இறுக்கினேன், ஒன்றை முறித்தேன்.
வாட்டர் பம்ப் அடியில் விரல் விட்டால்
துரு வந்தது, ஈரம் வரவில்லை.
ரேடியேட்டரைக் கழற்றி பெட்ஃபோர்டு பட்டறைக்குத் தூக்கிப்போனேன்.
தொட்டியில் முக்கிக் காற்றடித்து
'குமிழியே இல்லையேக்கா' என்று சிரித்தான் இன்பதாஸ்.
சிரிப்புக்கு நூற்றைம்பது.
இரவில் என்ஜினுக்கு அடியில் செய்தித்தாள் விரித்தேன்.
காலையில் மூடுபனி புகுந்து
ராசிபலன் மட்டும் ஊறியிருந்தது.

சூட்டில் ஒழுகுவதைச் சூட்டில்தான் பார்க்கவேண்டும்.
ஜெரால்டு ஷேவிங் கண்ணாடியைப் பிடித்தான்,
டார்ச் என் பல்லிடுக்கில்.
எக்ஸாஸ்ட் குழாய்களுக்குப் பின்னால்,
கை போகாத இடத்தில்,
பிளாக்கின் பக்கவாட்டில் வரிசையாக இரும்பு மூடிகள்.
ஒன்று, இரண்டு, மூன்று.
நான்காவது தெரிவதற்குள் கண்ணாடி மங்கியது.
'மூச்சு விடாதே' என்றேன்.
'நான் விடலை' என்றான்.

துடைத்துவிட்டுப் பார்த்தோம்.
விளிம்பில் ஒரு பச்சைச் சொட்டு முளைத்தது.
விழவில்லை.
விழுமுன்பே குழாய்ச் சூட்டில் ஆவியானது.

ஆறிய பின் தண்ணீரைச் சட்டியில் இறக்கினேன்.
பக்கத்து வீட்டு நாய் முகர வந்தது.
இனிக்கிற விஷம். விரட்டிவிட்டு
சட்டியின்மேல் பலகையும் பலகைமேல் ஜாக்கியும் வைத்தேன்.
பிறகு உளி, ஓர் அடி.
ஊறிய ரஸ்க் மாதிரி உடைந்தது மூடி.
உள்ளிருந்து சேறு,
மஞ்சள் சேறு.
விரலில் எடுத்து முகர்ந்தால்
சமையலறை.

விற்ற கம்பவுண்டர் தேவசகாயத்துக்கு ஃபோன் போட்டேன்.
'ஒரு சொட்டு ஒழுகாதுன்னு பைபிள்மேல சொன்னீங்க.'
மறுமுனையில் யாரோ டிவி சத்தத்தைக் குறைத்தார்கள்.
'அதுவா?
மரப்பாலத்துல நடுராத்திரி நின்னுபோச்சு.
டிக்கியில மச்சான் கல்யாணத்துக்கு வாங்கின மஞ்சத்தூள்.
அள்ளிப் போட்டேன்.
பதினோரு வருஷம் தாங்கிச்சேம்மா.
நீங்க ஏதாவது கிளீன் பண்ணீங்களா?'

பண்ணினேன்.
வாங்கிய முதல் வாரமே ஆசிட் ஊற்றி
தெளிந்த தண்ணீர் வரும்வரை அலசினேன்.
அதைப் படமெடுத்து அக்காவுக்கு அனுப்பினேன்.
துரு தின்று தீர்த்த இடத்தை
மஞ்சள்தான் பிடித்து நின்றிருக்கிறது.
'இல்லையே' என்றேன் அவரிடம்.

கோயம்புத்தூரிலிருந்து பித்தளை மூடி வந்தது,
முப்பது ரூபாய்.
விளிம்பில் ஷெல்லாக் தடவி
சாக்கெட்டை மேலே வைத்துத் தட்டினேன்.
ஐந்தாவது தட்டில் சத்தம் மாறியது.
அதற்குமேல் தட்டக்கூடாது.

மேட்டுப்பாளையம்வரை இறங்கி ஏறினோம்.
காட்டேரியில் ஒரு லாரி வழி விடாமல்
முதல் கியரிலேயே இழுத்தடித்தது.
முள் நடுவில் நின்று
எங்களைக் கண்டுகொள்ளவே இல்லை.
ஹீட்டரைத் திறந்தால் மட்டும் லேசாக
ரசம் கொதிக்கிற வாசனை.

வீடு வந்ததும் டிக்கியைத் திறந்து
ஸ்டெப்னிக்குப் பக்கத்தில்
ஐம்பது கிராம் பாக்கெட் ஒன்றைச் செருகினேன்.
ஜெரால்டு பார்த்தான்.
ஒன்றும் கேட்கவில்லை.